வத்தலக்குண்டில் ராஜமையருக்கு ஒரு மரம்: வேண்டுமா, வேண்டாமா?

பண்ணைக்காட்டு வாசகன்
மதுரையிலிருந்து கொடைக்கானல் வரும் பேருந்துகள் வத்தலக்குண்டைத் தொட்டுத்தான் மலையேறுகின்றன. அங்கே டீ குடிக்க இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு பி.ஆர். ராஜமையரைத் தெரியும்? 1872இல் அந்த ஊரில் பிறந்தவர். இருபது வயதை ஒட்டி ‘கமலாம்பாள் சரித்திரம்’ நாவலை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக எழுதினார். 1898இல், 26 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊருக்குள் அவர் நினைவாக ஓர் இலுப்பை மரம் நட்டு, அடியில் ஒரு கல் வைக்கலாம் என்பது என் யோசனை. சிலைக்கு அடியில் யாரும் உட்கார மாட்டார்கள். மரத்தடியில் உட்காருவார்கள், உட்கார்ந்தால் கல்லில் இருப்பதைப் படிப்பார்கள்.

பட்டிவீரன்பட்டி டீச்சர்
உங்கள் ஆசை புரிகிறது அண்ணே, ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தால் ஊரெல்லாம் கன்று நடுகிறோம். அடுத்த கோடையில் பல இடங்களில் கூண்டு மட்டும்தான் நிற்கிறது. கன்று, கூண்டு, கல், திறப்பு விழாப் பந்தல், ஃபிளெக்ஸ் என்று ஆகிற செலவில் அந்த நாவலையே அச்சடித்து மாணவர்களுக்குக் கொடுக்கலாமே. காப்புரிமை எப்போதோ முடிந்த நூல், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வரும் இடங்களை வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எழுத்தாளருக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்?

இன்னொன்று, ராஜமையருக்கு மட்டும் ஏன்? ‘மணிக்கொடி’ இதழின் பி.எஸ். ராமையாவும் ‘எழுத்து’ இதழ் நடத்திய சி.சு. செல்லப்பாவும் வத்தலக்குண்டுக்காரர்கள்தானே?

தாண்டிக்குடி காபித் தோட்டம்
மரமா புத்தகமா என்பதை நீங்கள் பேசி முடியுங்கள். மரம் என்றால் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. தயவுசெய்து சில்வர் ஓக், ஜகரண்டா பக்கம் போகாதீர்கள். சீகையும் (வாட்டில்) பைனும் தைல மரமும் வெளியிலிருந்து வந்து நம் சோலைக்காட்டையும் புல்வெளியையும் எவ்வளவு விழுங்கின என்று மலையில் இருக்கிற நமக்குத் தெரியும். இலுப்பை சரியான தேர்வு. கோயில் விளக்குக்கு எண்ணெய் எடுக்க நம்மவர்கள் தோப்பாகவே வளர்த்த மரம், இப்போது நடுவார் இல்லை. பழுத்து விழுந்த விதையை உடனே ஊன்ற வேண்டும், வைத்திருந்தால் முளைக்காது. ஐப்பசி மழையில் கன்றை நட்டால் பிடித்துக்கொள்ளும். ஆனால் நிதானமாக வளரும், முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். நெடுஞ்சாலை ஓரம் கூடவே கூடாது. சாலையை அகலப்படுத்தும்போது புளியமரங்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தோம். நூலகம், பள்ளி மாதிரி சுற்றுச்சுவர் உள்ள இடம் பாருங்கள்.

பண்ணைக்காட்டு வாசகன்
நூலக வளாகம் நல்ல யோசனை.

டீச்சர், புத்தகம் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் கொடுத்த புத்தகம் பீரோவுக்குள் போய்விடும். மதுரை ஜில்லாச் சிறுகுளம் என்று ராஜமையர் நாவலில் ஒரு கிராமத்தைக் கற்பனையாகப் படைத்தார். அவர் காலத்தில் வத்தலக்குண்டும் மதுரை ஜில்லாதான், திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அந்தப் பேச்சும் வம்பும் எந்த மண்ணில் பிறந்தன என்று தேடி வருகிற வாசகனுக்குக் காட்ட ஊரில் ஓர் இடம் வேண்டாமா? அந்த வம்புப் பேச்சை நிழலில் உட்கார்ந்து இரண்டு பேர் வாசித்தால் போதும் எனக்கு.

பட்டிவீரன்பட்டி டீச்சர்
அப்படியென்றால் கல்லில் ‘இந்த இடத்தில் பிறந்தார்’ என்று எழுதாதீர்கள். வீடு எது என்பதற்கு ஆதாரம் காட்டாமல் எழுதினால் நாளைக்கு அதுவே வரலாறாகிவிடும். ‘இவ்வூரில் பிறந்தவர்’ போதும். மூன்று பேர் பெயரும் இருந்தால் எங்கள் மாணவர்களை அழைத்து வருகிறேன். ராஜமையர் மட்டும் என்றால் என் ஓட்டு புத்தகத்துக்குத்தான். அப்புறம், மூன்று கோடைக்கும் தண்ணீர் ஊற்றப்போவது யார்? அந்தப் பெயரை முதலில் இங்கே எழுதுங்கள், குழி தோண்டுவதைப் பிறகு பேசலாம்.