நான்கு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் - கோத்தகிரி

கோத்தகிரியில் இருக்கிறோம். மகளுக்கு 4 வயது. ஜூன் மழையில் காலை ஏழரைக்கு வேனுக்காக நின்றாலே வாரம் முழுக்கச் சளி. இந்த வருடம் நானே சொல்லித் தரலாமென்று பார்க்கிறேன். 'அ' எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிக்கிறாள். சட்டச் சிக்கல் வருமா?

பதில் 1:
வராதுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான்.

பதில் 2:
பென்சிலை ஒளித்து வையுங்கள் அக்கா. நாங்கள் குன்னூர். ஜன்னல் கண்ணாடியில் படியும் ஆவியில் விரலால்தான் என் பையன் 'ட' எழுதினான். 'ழ' இன்னும் சுருண்டு படுத்த பூனைதான். பட்டாணி உரிக்க விடுங்கள், எண்ணவும் வரும், விரலும் பலப்படும். பாதி வாய்க்குள் போகும், அது தனிக் கணக்கு.

பதில் 3:
கூட விளையாட ஆள்? பக்கத்து அங்கன்வாடியில் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
சரி, நாளைக்கே பட்டாணி. மாமியாரிடம் என்ன சொல்வதென்றும் யாராவது சொல்லுங்களேன்!