கண்டால்ஃப் யாருடைய ஆள்?

நான்: மாமா, நீங்கள் தந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்று பாகமும் வாசித்து முடித்துவிட்டேன். எனக்கு அதில் வரும் மந்திரவாதி கண்டால்ஃபில் கோபம். பில்போ தன் பிறந்தநாள் அன்று வாரிசு ஃப்ரோடோவிடம் விட்டுப்போன மோதிரம் தீயதோ என்று அன்றே சந்தேகம் வந்தும், 17 வருடம் அதை ஃப்ரோடோவின் வீட்டிலேயே விட்டுவைத்தாரே. அவர் ஃப்ரோடோவின் பக்கமா, இல்லை அவனைப் பாவித்தாரா?

சின்ன மாமா: அந்த 17 வருடத்துக்குப் பின்னால் சருமான் நிற்கிறான் தம்பி. மந்திரவாதிகளுக்கே தலைவன், மோதிரங்களைப் பற்றி அதிகம் படித்தவன். மோதிரம் ஆற்றோடு போய்க் கடலில் சேர்ந்துவிட்டது என்று சபையில் சொன்னான், கண்டால்ஃபும் நம்பியிருந்தார். தலைவன் சொல்லில் வைத்த அந்த விசுவாசம்தான் பிழை. பிறகு அவனே இவரைக் கோபுர உச்சியில் அடைத்துவைத்தான்.

அம்மா: எனக்குக் கொண்டோர் நாட்டை ஆளும் தெனதோரின் மகன் ஃபராமிர்தான் பாவம். கண்டால்ஃபிடம் படித்ததாலேயே தகப்பனுக்கு ஆகாமல் போனான். நல்லதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இவர் தன் பாட்டில் ஊர் ஊராகப் போகிறார், வீட்டில் பேச்சு வாங்குவது பிள்ளை.

சின்ன மாமா: ஓம் அக்கா, அது உண்மை. ஆனால் தகப்பன் ஃபராமிரை உயிரோடு எரிக்கப் போகிறார் என்று ஃப்ரோடோவின் தோழன் பிப்பின் ஓடிவந்து சொன்னதும், போர் நடக்கும்போதே கண்டால்ஃப் அங்கே போனாரே. தான் போனால் களத்தில் வேறு ஆட்கள் சாவார்கள் என்று தெரிந்தே போனார். உதவிக்குப் படையோடு வந்த தேயோடன் அரசர் விழுந்ததும் அந்த நேரத்தில்தான். ஒரு மாணவனுக்காக அவ்வளவு விலை.

அம்மம்மா: எனக்கு இந்தக் கதை தெரியாது ராசா. துரோணர் மாதிரி ஒரு குருவோ?

சின்ன மாமா: இல்லை அம்மா. துரோணர் அஸ்தினாபுரத்துச் சோறு தின்றவர். பாண்டவரில் அன்பிருந்தும், பொருளுக்குக் கட்டுப்பட்டுவிட்டேன் என்று தருமனிடமே சொல்லிவிட்டு, பீஷ்மர் விழுந்த பிறகு 5 நாள் கௌரவர் படைக்குத் தலைமை தாங்கினார். அருச்சுனனுக்காக ஏகலைவனின் கட்டைவிரலையும் கேட்டவர். கண்டால்ஃப் ஒரு அரசனிடமும் சம்பளம் வாங்கவில்லை, நாடில்லை, வீடில்லை. ஃப்ரோடோ அந்த மோதிரத்தைத் தானே நீட்டியபோதும் வாங்கவில்லை, நல்லது செய்யும் ஆசையே தன்னைக் கெடுத்துவிடும் என்று பயந்தார். தெனதோர் சந்தேகப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. யாருடைய சோற்றுக்கும் கடன்படாத ஆளை அதிகாரத்தில் இருக்கிறவர் எப்படி நம்புவார்?

நான்: சரி, கடைசியில் ஃப்ரோடோவின் ஊரான ஷயருக்குப் போகாமல், ஃப்ரோடோவும் தோழர்களுமாக நாலு பேரையும் வழியில் விட்டுவிட்டு, காட்டில் இருக்கும் பொம்படிலுடன் கதைக்கப் போனது? ஊரில் குழப்பம் என்று தெரிந்துமா?

சின்ன மாமா: அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கணித மாஸ்டர் நினைவுதான். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய் நின்றபோது, சாவகச்சேரியில் ஒரு மாமரத்தடியில் வைத்துப் படிப்பித்தார். சோதனைக்கு ஒரு மாதம் இருக்க, இனி என்னிடம் வராதேங்கோ, வினாத்தாளை நீங்களே செய்து பாருங்கோ, இவ்வளவு நாளும் பழக்கியது இதற்குத்தான் என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்று சரியான கோபம். வீட்டுக்கு வந்து அழுதேன். கண்டால்ஃபும் அந்த நாலு பேரிடம் அதைத்தானே சொன்னார்? அவர்கள் போய்த் தங்கள் ஊரைத் தாங்களே மீட்டார்கள்.

அம்மா: அந்த மாஸ்டர் ஒரு சதமும் வாங்கவில்லை.

அம்மம்மா: நான் முருங்கைக்காய் கொடுத்துவிட்டேன். அதையும் பக்கத்துக் கொட்டிலில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

நான்: மாமா, ஷயர் விஷயம் விளங்குது. ஆனால் 17 வருடத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சின்ன மாமா: மன்னிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பாகத்தைக் கொண்டு வீட்டுக்கு வா. மோதிரத்தை என்ன செய்வது என்று கூடிய எல்ரொண்டின் சபையில், எல்லோருக்கும் முன்னால், அது தன் பிழை என்று அவரே சொல்லும் இடம் இருக்கிறது. சேர்ந்து வாசிப்போம்.