புதுப்பிப்பு: தோணிப் பயணம் போய் வந்தாச்சு

துடுப்புத் தோணியில் கடலோரமாகப் போய், கரையில் கூடாரம் போட்டு, மீன் பிடித்துக்கொண்டு கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் சுற்றிவர முடியுமா என்று கேட்டிருந்தேனே, போய் வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விடிகாலையில் கிளம்பி உச்சிவெயிலுக்குள் கரையேறச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காலையில் அசையாமல் கிடந்த கடல், நிலம் சூடாகிக் கடற்காற்று எழுந்ததும் ஆளே மாறிவிட்டது. எதிர்காற்றில் தண்ணீர்க் கேன்களை முன்பக்கம் நகர்த்தினோம். முன்பக்கம் கனத்தால் காற்று தோணியைத் திருப்பிவிடாமல் நேராகப் போகிறது. பின்னால் உட்கார்ந்து திசை பிடித்தது நான். முன்னால் இருந்தவர் திரும்பித் திரும்பி யோசனை சொன்னதற்குத்தான் மருந்தில்லை.

பௌர்ணமி சமயம், கடலேற்றம் அதிகம். அதனால் காய்ந்த பாசி ஒதுங்கிய கோட்டுக்கு நன்றாக மேலே கூடாரம் போட்டு, தோணியையும் தூக்கிக் கவிழ்த்து மரத்தில் கட்டினோம். விடிந்து பார்த்தால் அந்தப் பழைய பாசிக் கோட்டையும் தாண்டி ஈரப் பாசி கிடந்தது.

தோணிக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துப் போனதில் ஒன்றும் சிக்கவில்லை. கழிமுகத்தில் தண்ணீர் வடியத் தொடங்கியபோது மடவை மீன் குஞ்சுகள் சிதறித் துள்ளின. அங்கே தூண்டிலை வீசியதும் தூண்டில் நரம்பு விர்ரென்று ஓடியது. முதல் மீன் அவருக்கு, பெரிய மீன் எனக்கு. சிறுசுகளைத் திரும்ப விட்டுவிட்டோம்.

குடிநீர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் போதுமாக இருந்தது. மணல் ஈக்கு என்ன பூசினோம் என்று கேட்டவருக்கு: பூசியது எதுவும் பலிக்கவில்லை, முழுக்கைச் சட்டைதான்.