வினிகர் ஊற்றினால் அது ஊறுகாய் இல்லையா?

செங்காங்_அம்மா:
நேற்று வேறோர் இழையில் ஈசூன்_அக்கா எழுதியது இது: "வினிகர் ஊற்றிய பூண்டு ஊறுகாயைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதற்கு, ஒன்றும் சொல்லித் தராமலே இருந்துவிடலாம்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் மகள் தொடக்கநிலை 5. துணைப்பாட வகுப்பு, நீச்சல் எல்லாம் போக ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம்தான் அவளோடு அடுப்படியில் நிற்க முடிகிறது. தேக்கா சந்தையில் வாங்கிய பூண்டை அவளே உட்கார்ந்து உரித்தாள். நகக்கண் எரிகிறது என்றாளே தவிர எழுந்து போகவில்லை. அவள் போட்ட முதல் ஊறுகாய். அதில் கால் கப் வினிகர் இருக்கிறது. அதனால் அவள் கற்றது கணக்கில் வராதா?

ஈசூன்_அக்கா:
எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். பூண்டுக்குப் புளிப்பு வேண்டுமென்றால் புளி இருக்கிறது. என் மாமியார் அளவு: 1 கிலோ பூண்டுக்கு 200 கிராம் புளி, 150 கிராம் கல்லுப்பு, அரை லிட்டர் நல்லெண்ணெய். புளியைக் கெட்டியாகக் கரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுண்டவிட வேண்டும். அவ்வளவு நேரம் நின்று கிளறப் பொறுமை இல்லாதவர்கள்தான் வினிகர் பாட்டிலைத் திறப்பார்கள். பிள்ளை உங்களிடம் கற்றுக்கொள்வது அந்த அவசரத்தைத்தான்.

பொறியாளன்88:
பொறுமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பூண்டு மண்ணுக்கடியில் விளைவது. மண்ணில் இருக்கும் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. எண்ணெய்க்கு அடியில் காற்று கிடையாது. புளிப்பும் போதாமல் போனால் அங்கே முளைத்து நஞ்சு சுரக்கும். வாசனையை வைத்தோ நிறத்தை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்டு வைத்த பூண்டைச் சாப்பிட்டு 36 பேர் நோயில் படுத்தார்கள். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். வினிகர் அதற்குத்தான். பிள்ளைக்கு முதலில் சொல்லித்தர வேண்டியதும் அதுதான்.

ஈசூன்_அக்கா:
வான்கூவர் பூண்டில் புளி இருந்ததா? 150 கிராம் உப்பு இருந்ததா? பச்சைப் பூண்டை நறுக்கி எண்ணெயில் போட்டு வைத்தார்கள். அதையும் என் மாமியார் ஊறுகாயையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே தம்பி. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். புளி இருக்கும்போது வினிகர் எதற்கு?

பொறியாளன்88:
உங்கள் வீட்டில் 150 கிராம் உப்பு. மற்ற வீடுகளில்? அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு என்று உப்பைப் பாதியாகக் குறைக்கிறார்கள், புளி நெஞ்சைக் கரிக்கிறது என்று அதையும் குறைக்கிறார்கள். ஆனால் பாட்டி வைத்த மாதிரியே ஜாடியை வெளியில் வைக்கிறார்கள். பாட்டியின் அளவை விட்டுவிட்டுப் பாட்டியின் தைரியத்தை மட்டும் பிடித்துக்கொள்வது ஆபத்து.

ஈசூன்_அக்கா:
அப்படியானால் உப்பைக் குறைக்காதே என்று சொல்லிக் கொடுங்கள். வேண்டியவர்கள் இரண்டு பல் குறைத்துச் சாப்பிடட்டும். வினிகர் எதற்கு?

தேக்கா_மாமா:
சிங்கப்பூரில் இருந்துகொண்டு வினிகரை இப்படிப் பழிக்கலாமா? மலாய்க்காரர் வீட்டிலும், மலாய்ப் பழக்கம் கலந்த சீனரான பெரனாக்கான் வீட்டிலும் அச்சார் வினிகரில்தான் போடுகிறார்கள். வெள்ளரிக்காய், காரட், அன்னாசி, மேலே வறுத்த கடலையும் எள்ளும். என் பக்கத்து வீட்டு மாக்சிக், அதாவது மலாய் அத்தை, ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் ஒரு புட்டி கொடுத்தனுப்புவார். என் பேரப்பிள்ளைகள் அதைச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அதை ஊறுகாய் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

ஈசூன்_அக்கா:
மாமா, அச்சார் வேறு, ஊறுகாய் வேறு. அச்சாரை நானும் விரும்பிச் சாப்பிடுவேன். அது போட்ட கொஞ்ச நாளில் தீர்ந்துவிட வேண்டிய பண்டம். நாம் போடுவது வருடம் முழுக்க நிற்க வேண்டும். பேச்சு பூண்டு ஊறுகாயைப் பற்றி. அதில் வினிகர் எதற்கு?

தெம்பனிஸ்_தங்கை:
இங்கே எல்லோரும் பூண்டிலேயே நிற்கிறீர்கள். நானும் என் மகனும் போன மாதம் தக்காளித் தொக்கைக் கண்ணாடிப் புட்டிகளில் சூடாக நிரப்பி, மூடி போட்டு, கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்தோம். மூடி உள்வாங்கி 'டொக்' என்று சத்தம் கேட்டபோது அவன் துள்ளிக் குதித்தான். அமெரிக்காவில் 1858இல் மேசன் என்பவர் காப்புரிமை வாங்கிய திருகுமூடிப் புட்டியிலிருந்து வந்த வழி இது. தக்காளியின் புளிப்பு ஒரே மாதிரி இருக்காது. அதனால் அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவான புட்டி ஒன்றுக்கு 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடச் சொல்கிறார்கள், அதுவும் கடையில் விற்கும் புட்டிச் சாறு, அதன் புளிப்புதான் மாறாது என்று. அதையும் விட்டோம். இதுவும் சோம்பேறித்தனமா அக்கா?

ஈசூன்_அக்கா:
கடைச் சாறா? தேக்காவில் எலுமிச்சம்பழமே கிடைக்கவில்லையா?

பொறியாளன்88:
தங்கை செய்தது சரி. ஆனால் இதைப் பார்த்து யாரும் சாம்பாரையோ பருப்பையோ அதே மாதிரி புட்டியில் அடைக்க வேண்டாம். புளிப்பு குறைந்தவற்றுக்குக் கொதிநீர் போதாது. அழுத்தத்தில் 116 பாகை செல்சியசுக்கு மேல் போக வேண்டும். வீட்டுக் குக்கரில் மூன்று விசில் விட்டால் ஆகிவிடும் என்று நினைக்கக் கூடாது.

ஜூரோங்_வாசகன்:
தெம்பனிஸ்_தங்கைக்கு நன்றி. இந்த இழையில் மகனைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான். மகளுக்குத்தான் ஊறுகாய், மகனுக்கு மடிக்கணினியா? உயர்நிலை 1, 2இல் 'உணவு, பயனீட்டாளர் கல்வி' என்ற பாடத்தைப் பையன்களும் பெண்களும் சேர்ந்துதானே படிக்கிறார்கள்? பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தெரியவில்லை.

ஈசூன்_அக்கா:
என் இரண்டு மகன்களும் பூண்டு உரிப்பார்கள். பெரியவன் தேசிய சேவைக்கு, கட்டாய ராணுவப் பணிக்கு, போனபோதுகூட வார இறுதியில் வந்து ஜாடியைக் கிளறிவிட்டுத்தான் போவான். ஈரக் கரண்டியை ஜாடியில் விட்டவனை அவனே திட்டுவான். எங்கள் வீட்டில் யாரும் வினிகரைத் தொட்டதில்லை.

செங்காங்_அம்மா:
எங்கள் வீடு, எங்கள் மாமியார், எங்கள் ஜாடி. போன தீபாவளிக்கு நான் போட்ட அதிரசப் படத்துக்குக் கீழேயும் இப்படித்தான், "பாகு பதம் தப்பிவிட்டது, பார்த்தாலே தெரிகிறது" என்று எல்லோர் முன்னாலும் எழுதினீர்கள். படத்தைப் பார்த்துப் பாகுப் பதம் தெரியுமா? என் அம்மா நான் உயர்நிலையில் படிக்கும்போதே போய்விட்டார். எனக்கு அளவு சொல்ல யாரும் இருக்கவில்லை. புத்தகத்தையும் காணொளியையும் பார்த்துத்தான் கற்றேன். அதைத்தான் என் மகளுக்குத் தருகிறேன்.

ஈசூன்_அக்கா:
அம்மா இல்லாதது வருத்தம்தான், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதிரசம் பதம் தப்பியது தப்பியதுதான். ஓரமெல்லாம் விரிந்து கிடந்தது. அன்றைக்கு யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் உங்கள் மகளும் அப்படித்தான் சுடுவாள்.

தேக்கா_மாமா:
அதிரசத்தை ஏனம்மா இழுக்கிறீர்கள்? பூண்டுக்கு வாருங்கள்.

செங்காங்_அம்மா:
நான் இழுக்கவில்லை மாமா, அவர்தான் விடவில்லை. என் மகளின் ஜாடி குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. ஒரு மாதத்தில் பாதி தீர்ந்துவிட்டது. அடுத்த தடவையும் வினிகர் ஊற்றத்தான் போகிறோம்.

பொறியாளன்88:
ஊற்றுங்கள். அளந்து ஊற்றுங்கள்.

ஈசூன்_அக்கா:
குளிர்சாதனப் பெட்டியா! வினிகரும் ஊற்றிவிட்டுப் பெட்டியிலும் வைக்கிறீர்களா? அப்படியானால் வினிகர் எதற்கு?