21 செ.மீ. ஐதரசன் அலையை வன்னியிலிருந்து பிடிக்கலாமா?

கரைச்சி_பௌதிகம்:
உ/த (உயர்தர) பிள்ளைகளின்ர செயற்றிட்டத்துக்குக் கேக்கிறன். அவுஸ்திரேலியாவில கட்டுற எஸ்கேஏ-லோ எண்ட வானொலித் தொலைநோக்கி, முதல் நட்சத்திரங்கள் தோன்றின காலத்து ஐதரசனைத் தேடுதாம். அதே அலையை ஒரு கொம்பு அன்ரெனாவும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிளும் (கணினியில செருகுற சின்ன வானொலி வாங்கி) வைச்சுப் பிடிக்கேலுமா? பள்ளிக்கூடம் ஏ9 ரோட்டோரம், போன் கோபுரம் கிட்ட.

நெடுங்கேணி_வானம்:
சேர், ஐதரசன் ஒண்டுதான், ஆனா அதிர்வெண் வேற. 1420.4 மெகாஹேட்ஸில (அதுதான் 21 செ.மீ. அலை) கிளம்பினது அண்டம் விரிய விரிய இழுபடும். 10 மடங்கு இழுபட்டால் 142, 14 மடங்கெண்டால் 101, அதாவது எஃப்எம் அலைவரிசைக்குள்ள. அதாலதான் எஸ்கேஏ-லோ 50 தொடக்கம் 350 மெகாஹேட்ஸ் வரை கேக்குது; மேற்கு அவுஸ்திரேலியாவில மேர்ச்சிசன் மாதிரி ஆளில்லாத இடத்துக்குப் போனதும் அதாலதான். தேடுற சைகையின்ர வலு, வெப்பநிலையாச் சொன்னால், மில்லிகெல்வின் கணக்கு. எங்கட பால்வீதியின்ர இரைச்சல் அதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல. 1,31,072 அன்ரெனா போட்டாலும் அளவுத்திருத்தம் பிழைச்சால் அன்ரெனாவின்ர சொந்த நெளிவே சைகை மாதிரித் தெரியும். அது இங்க சரிவராது. யானை மின்வேலியில புல் முட்டிப் பொறி பறந்தாலே அந்தப் பட்டை நாறிப்போகும்.

பால்வீதிக்குள்ள இருக்கிற ஐதரசன் எண்டால் பத்துக்கணக்கான கெல்வின். அது தாராளமாப் பிடிபடும்.

தகரவேலை:
16 செ.மீ. விட்டத்தில, 25 செ.மீ. நீளத்துக்குக் குறையாம ஒரு தகரக் குழாய் உருட்டுவியுங்கோ. சுற்றளவு 50.3, மடிப்புக்கு ஒரு சென்ரிமீற்றர் கூட விடுங்கோ. ஒரு பக்கம் மூடி. மூடியிலயிருந்து 8.3 செ.மீ. தள்ளி இணைப்பி, அதில 5.3 செ.மீ. செம்புக்கம்பி, பிறகு மில்லிமீற்றர் மில்லிமீற்றராக் குறைச்சுப் பாருங்கோ. விட்டத்தை 12க்குக் கொண்டுபோனால் அலை உள்ளயே நுழையாது.

வாயில 70 செ.மீ. அகலக் கூம்பு: காட்போட்டில அலுமினியத்தாள் ஒட்டினால் காணும். கன பேர் பிழைவிடுறது தாளும் தகரமும் சேருற இடத்தில. பசை மின்னைக் கடத்தாது. தாளை மடிச்சுத் தகரத்தோட இறுக்கிக் கட்டோணும்.

நெடுங்கேணி_வானம்:
கோபுரப் பிரச்சினைக்கு, 1420க்கான வடிகட்டி சேர்ந்த எல்என்ஏ (இரைச்சல் குறைஞ்ச பெருக்கி) தான் மருந்து. வெறும் எல்என்ஏ போட்டால் 900, 1800 மெகாஹேட்ஸ் போன் சைகைகளில திக்குமுக்காடும். குழாயிலயே பூட்டுங்கோ; அதுக்குப் பிறகு டிஷ் ரிவி வயர் போதும். ஆனா ரிவிப் பெட்டியிலயிருந்து மின் குடுக்காதேங்கோ, 13 வோல்ற்றுக்கு எல்என்ஏ கருகும். டொங்கிள் அதே வயராலயே அனுப்புற மின் (பயஸ்-ரீ) காணும்.

2.4 மெகாஹேட்ஸ் பட்டை, நிறமாலைக்கு 2048 புள்ளி, அஞ்சு நிமிசச் சராசரி. மையத்தை 1420.9இல வையுங்கோ, இல்லாட்டி டொங்கிள் பட்டையின்ர நடுவில தானே உண்டாக்கிற பொய் முள் ஐதரசன் கோட்டுக்குப் பக்கத்தில குந்தும். பிறகு அன்ரெனாவை அசைக்காமல் மையத்தை 1423.5க்கு மாத்தி இன்னொரு அஞ்சு நிமிசம் எடுத்து, முதலாவதை இதால வகுங்கோ. இதைச் செய்யாட்டி டொங்கிளின்ர வளைவுதான் தெரியும், ஐதரசன் தெரியாது. ஐதரசன் முகடு 4.74 கிலோஹேட்ஸ் நகர்ந்தால் செக்கனுக்கு 1 கி.மீ. வேகம்.

கரைச்சி_பௌதிகம்:
எந்த மாசம், எந்தப் பக்கம் திருப்புறது?

நெடுங்கேணி_வானம்:
செப்ரெம்பர் கடைசி, இரவு ஒன்பது மணிக்குக் கிட்ட. வடக்கே 54 பாகை உயரத்தில டெனெப் நட்சத்திரம் நிக்கும், அதுக்கு நேர. மாரி துவங்கினால் காட்போட் ஊறிப்போகும்.