பழைய வேக்போர்ட் படகுக்கு ஸ்விம் பிளாட்ஃபார்ம் நாமே செய்யலாமா?

நார்மன்கரை எழுதியது:

வணக்கம். வட கரோலினாவில் நார்மன் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் 2002 மாலிபு வேக்செட்டர் ஒன்றை வாங்கினேன், பலகையில் நிற்கும் ஆளைக் கயிற்றில் இழுத்துப்போய் அலையில் விளையாட விடும் வேக்போர்ட் படகு. 21 அடி, வி-டிரைவ் (எஞ்சின் பின்கோடியில் இருக்கும் வகை). எஞ்சின் இன்றைக்கும் ஒரே சாவித் திருப்பில் கிளம்பும். கவலையெல்லாம் பின்னால் இருக்கும் தேக்கு ஸ்விம் பிளாட்ஃபார்மைப் பற்றித்தான், அதாவது தண்ணீரிலிருந்து ஏறவும் உட்காரவும் பின்சுவரில் நீட்டியிருக்கும் பலகைத் தட்டு.

போன மாதம் என் சித்தப்பா மகன் தண்ணீரிலிருந்து ஏறும்போது இடது ஓரத்தில் ஒரு பலகை மடக்கென்று உடைந்து, முழங்கால் வரை கால் உள்ளே போய்விட்டது. கெண்டைக்காலில் தோல் உரிந்து ரத்தம். "ஒண்ணுமில்லண்ணே" என்று அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் மகளுக்கு ஏழு வயசு. அவள் அதே ஓரத்தில் உட்கார்ந்துதான் காலை நனைத்துக்கொண்டிருப்பாள்.

கழற்றித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அடியில் குறுக்கு ரீப்பர்களில் திருகு இறங்கிய இடமெல்லாம் கறுத்துப்போய், நகத்தால் சுரண்டினாலே தூளாக வருகிறது. மேல்பக்கத்துக்கு வருஷா வருஷம் எண்ணெய் பூசி வந்தேன். அடிப்பக்கத்தை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

ஒரு கடையில் கேட்டதற்கு, இவ்வளவு பழைய மாடலுக்கு அச்சு இல்லை, புதிதாக அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று 1,400 டாலர் சொன்னார்கள். பணத்தை விடுங்கள், சீசன் முடிந்துதான் கிடைக்குமாம். அதனால் நானே செய்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன். பழையது ஆறரை அடி அகலம், 20 அங்குலம் ஆழம் (படகிலிருந்து பின்னால் நீளும் அளவு). பிள்ளைகள் வசதியாக உட்கார 30 அங்குலமாக்க ஆசை. தேக்கா, பிளாஸ்டிக் பலகையா, பிளைவுட்டில் ஃபைபர்கிளாஸ் போடுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்காற்று எழுதியது:

ப்ரோ, நான் பான்டூன் படகுக்கு எச்டிபிஇ என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பலகை போட்டேன். வெட்டுவது ரொம்ப சுலபம், சாதாரண மர ரம்பமே போதும், உளுக்காது. ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். தாங்குகிற இடங்களுக்கு நடுவே தூரம் அதிகமானால் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடும், அடியில் நெருக்கமாக அலுமினியச் சட்டம் வேண்டும். இன்னொன்று வெயில். ஆறரை அடிப் பலகை காலைக்கும் மத்தியானத்துக்கும் கால் அங்குலம் நீண்டு சுருங்கும். நான் வட்ட ஓட்டை போட்டு இறுக்கி முடுக்கியதில் பலகை நடுவில் மேலே புடைத்துக்கொண்டது. ஓட்டையை நீள்வட்டமாக்கிய பிறகுதான் படுத்தது.

ஆசாரிமகன் எழுதியது:

தம்பி, என் அப்பா காரைக்குடிப் பக்கம் தச்சு வேலை பார்த்தவர். பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது இறங்கிய பர்மா தேக்கை இழைத்து இழைத்தே என் கை பழகியது. இங்கே டெக்சாஸ் வந்த பிறகு எனக்கும் நண்பர்களுக்கும் சேர்த்து ஐந்து பிளாட்ஃபார்ம் செய்திருக்கிறேன். மரத்தைப் பற்றி விடிய விடியப் பேசுவேன். ஆனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது டிரான்சம், அதாவது படகின் பின்சுவர். அது உளுத்திருந்தால் தங்கத்தில் பலகை செய்தாலும் ஒருநாள் அதைத் தாங்கும் பிராக்கெட்டோடு கழன்று தண்ணீரில் விழும்.

ஒரு கணக்கு பாருங்கள். 80 கிலோ ஆள் 30 அங்குலப் பலகையின் வெளி விளிம்பில் நிற்கிறார். சுவரிலிருந்து 75 சென்டிமீட்டர். பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 15 சென்டிமீட்டர் என்று வையுங்கள். மேல் போல்ட்டைப் பிடுங்கும் விசை 80 பெருக்கல் 75 வகுத்தல் 15, அதாவது 400 கிலோ. பழைய 20 அங்குலத்தில் இதுவே சுமார் 270. இது சும்மா நிற்கும்போது. குதித்தால் இரண்டு மடங்கைத் தாண்டும். பிராக்கெட்டுகள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்று நம்பாதீர்கள். ஏறுகிறவர் எப்போதும் ஓரத்தில்தான் ஏறுவார், உங்கள் தம்பி ஏறிய மாதிரி.

அதனால் 30 வேண்டாம். 24 போதும். அதற்கும் பிராக்கெட் கை குறைந்தது 16 அங்குலமாவது வெளியே நீள வேண்டும், பழைய குட்டைக் கையில் புதுப் பலகையை ஏற்றாதீர்கள். இரண்டு இருந்த இடத்தில் மூன்றாகப் போட்டால் எனக்கு இன்னும் நிம்மதி. படகில் பாலாஸ்ட் (அலையைப் பெரிதாக்க ஏற்றும் தண்ணீர்ச் சுமை) நிரப்பினால் பின்பக்கம் தாழும் என்பதையும் மறக்காதீர்கள். ஆழமான பலகை தண்ணீரில் இழுபட்டு, நீங்கள் ஆசையாக எழுப்பும் அலையையே கெடுக்கும்.

டிரான்சத்தைச் சோதிக்கும் முறை இது. பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு, ஓட்டைகளைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் டக் டக் என்று கெட்டியாகப் பேசும். கெட்ட இடம் தொப்பென்று கேட்கும். பிறகு ஒரு ஆணியின் நுனியை வளைத்து ஓட்டைக்குள் விட்டுப் பக்கவாட்டில் சுரண்டுங்கள். உள்ளே பிளைவுட்டா, ஃபோமா, முழு ஃபைபரா என்று ஓட்டையே சொல்லிவிடும். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் கவலையில்லை. டீத்தூள் மாதிரி ஈரமாக வந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி எழுதுங்கள்.

நல்லதாக இருந்தால் 8 மில்லி போல்ட்டுக்கு 12 மில்லியில் ஓட்டையைப் பெரிதாக்கி, உள்சுவரை எபாக்சிப் பிசினால் நனைத்து, கெட்டியாக்கிய எபாக்சியை நிரப்பி, இறுகிய பின் நடுவில் 8 மில்லி துளை போடுங்கள். இனி கசிந்தாலும் தண்ணீர் உள் மரத்தைத் தொடாது. ஓட்டை வாயைச் சற்றே சரித்து இழையுங்கள். அந்தப் பள்ளத்தில் சீலன்ட் வளையமாக உட்காரும். த்ரீஎம் 4200 போடுங்கள். 5200 போட்டால் அடுத்த முறை கழற்றும்போது ஜெல்கோட்டையே (படகின் வழவழப்பான மேல்பூச்சு) பெயர்த்துக்கொண்டு வரும். உள்பக்கம் வாஷரை மட்டும் நம்ப வேண்டாம். கையளவு ஜி-10 தகடு (எபாக்சியில் இறுக்கிய கண்ணாடியிழைத் தகடு) வைத்து முடுக்குங்கள்.

இப்போது மரம். உங்கள் படகுக்கு நான் தேக்குதான் சொல்வேன், அதுவும் இடைவெளி விட்டு. வேகத்தைத் திடீரென்று குறைக்கும்போது பின்னால் வந்த அலை ஓடிவந்து பலகையை அடியிலிருந்து தூக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் தண்ணீர் மேலேறும். சந்து இருந்தால் அது வழிந்து போகும். ஒரே தட்டாக இருந்தால் அத்தனையும் போல்ட்டுக்குத்தான் போகும். முக்கால் அங்குலத்துக்குக் குறையாத கனம், இரண்டரை அங்குல அகலம், நடுவே 10 மில்லி சந்து. குழந்தையின் விரல் மாட்டாத அளவா என்று உங்கள் மகளின் கையை வைத்தே பாருங்கள்.

பர்மா தேக்கு என்று யாராவது விற்க வந்தால் விசாரியுங்கள். 2021 ஏப்ரலில் மியான்மர் அரசு மர நிறுவனத்தின் மேல் அமெரிக்கா தடை போட்டுவிட்டது. தோட்டத் தேக்கு கிடைக்கும். அதில் இளமரம் அதிகம், எண்ணெய் குறைவு, ஓரத்தில் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிமரம், நிறைய வரும். வெள்ளையை ஒரு விரல்கூட விடாமல் கழித்துவிடுங்கள், உளுப்பது முதலில் அங்கேதான். வைரம் பாய்ந்த பாகத்தை இழைத்தால் சுருள் தோல் வாசம் வீசும், விரலில் தேய்த்தால் மெழுகு மாதிரி வழுக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே பிரித்து வைப்பார். விலைக்குப் பயந்து இப்பே மரத்துக்குப் போகாதீர்கள். கல் மாதிரி உழைக்கும், ஆனால் தேக்கில் 18 கிலோ வரும் பலகை அதில் 28ஐத் தாண்டும். ரெட் ஓக் வேண்டவே வேண்டாம். ஒரு துண்டை வாயில் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும். அப்படியானால் தண்ணீரும் வரும்.

தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டும் முகத்தை அசிட்டோனில் துடைத்து, துடைத்த கையோடு எபாக்சி பூசி இணையுங்கள். திருகு 316 ஸ்டெயின்லெஸ். திருகுத் தலைக்கு மேல் மர ஆப்பு வைக்கும்போது அதன் ரேகை பலகை ரேகையோடு ஒரே திசையில் ஓடட்டும். பழையது உங்களுக்கு உளுத்தது ரீப்பரில்தானே? அந்தத் துளைகளிலும் எபாக்சி தடவிய பிறகே திருகை இறக்குங்கள். வார்னிஷ் வேண்டாம், ஈரக்கால் வழுக்கும். சாம்பல் நிறமானால் ஆகட்டும். பிரஷர் வாஷர் மட்டும் அடிக்காதீர்கள், மெல்லிய நாரெல்லாம் பறந்து வரி வரியாகக் குழி விழும்.

பின்சுவர் வளைவுக்கு அட்டையில் அச்சு எடுங்கள். நடுக்கோட்டை முதலில் குறியுங்கள். என் முதல் பலகையில் இடது பக்கம் மட்டும் அச்சு வெட்டி வலதுக்குத் திருப்பி வைத்தேன். பழைய படகுகளில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணியது தப்பாகிவிட்டது. அரை அங்குலம் இடித்தது.

லேனியர்வாசி எழுதியது:

ஜார்ஜியாவில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். மரவேலை எனக்குத் தெரியாது. தம்பி, உங்கள் மகள் அந்தப் பலகையில் கால் நனைப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் படகின் புகை வெளியேறுவது அந்தப் பலகைக்கு அடியில்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. 2010 மாடலிலிருந்துதான் நாடு முழுக்கப் புது இன்போர்டு (படகுக்குள் பொருத்திய) பெட்ரோல் எஞ்சின்களுக்குப் புகை விதி இறுகி, புகையின் நஞ்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வழக்கமானது. 2002 படகில் அது இருக்காது. ஓடும் படகின் பலகையைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கும் விளையாட்டில் உயிர்கள் போயின. கலிபோர்னியாவில் 2005 முதல் அது சட்டப்படி குற்றம். வீட்டுப் படகுகளில் பின்தளத்துக்கு அடியில் இருக்கும் குகை போன்ற இடத்தில் ஜெனரேட்டர் புகை தேங்கி, நீந்தப் போனவர்கள் செத்ததை பவல் ஏரியில் 2000இல் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அழகுக்காகப் பலகையின் பக்கவாட்டை மூடி அடைத்துவிடாதீர்கள். எஞ்சின் ஓடினால் பலகையில் யாரும் இருக்கக் கூடாது, சும்மா ஐடிலில் நின்றாலும்கூட. தலைவலி, வாந்தி, "தூக்கமா வருதும்மா" என்று பிள்ளை சொன்னால் வெயில் என்று நினைக்காமல் உடனே நல்ல காற்றுக்குக் கொண்டுபோய் 911ஐக் கூப்பிடுங்கள். தண்ணீரில் மயங்கினால் சத்தமே இல்லாமல் மூழ்கிவிடுவார்கள்.

நார்மன்கரை எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. இத்தனை நாள் ஐடிலில் விட்டுவிட்டு அவளைப் பலகையில் உட்கார வைத்திருக்கிறேன். இன்றைக்கே வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

அண்ணா, இன்று காலையில் ஆணி விட்டுப் பார்த்தேன். மொத்தம் எட்டு ஓட்டை. ஏழில் வெளிறிய மரத்தூள், உலர்ந்தது. இடது பிராக்கெட்டின் மேல் ஓட்டை ஒன்றில் மட்டும் பழுப்பாக, லேசான ஈரத்தோடு வந்தது. சுற்றிலும் தட்டினேன், ஓட்டையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் சத்தம் மாறுகிறது. அளவை 24க்குக் குறைத்துவிட்டேன்.

ஆசாரிமகன் எழுதியது:

பிழைத்தீர்கள் தம்பி. அந்த ஒன்றை மட்டும் உள்பக்கத் தோலிலிருந்து ஹோல் சாவால் (டிரில்லில் மாட்டி வட்ட ஓட்டை போடும் ரம்பம்) திறந்து, வெளித்தோலைத் தொடாமல், வெளுத்த கெட்டி மரம் தெரியும்வரை சுரண்டி எடுங்கள். இரண்டு வாரம் ஷெட்டில் சின்ன ஃபேன் வைத்துக் காயப் போடுங்கள், அவசரப்படாதீர்கள். காய்ந்த பிறகு எபாக்சி நிரப்பி, உள்பக்கம் ஃபைபர் துணி மூன்று அடுக்கு. அந்த இரண்டு வாரத்தில் மரத்தை வாங்கி ஷெட்டுக்குள்ளேயே அடுக்கி வையுங்கள், உங்கள் ஊர் ஈரப்பதத்துக்கு அதுவும் பழகட்டும். அச்சு எடுத்ததும் படம் போடுங்கள்.