பதிதலை மடல்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

அஞ்சல்தலையைத் தாளிலேயே அச்சிட்டு அஞ்சல்துறை விற்கும் அட்டை, உறை, மடிதாள் அனைத்தையும் சேர்த்துக் குறிக்க நண்பர் முன்வைத்த 'அஞ்சல் எழுதுபொருள்' எனக்கு உவப்பாக இல்லை. எழுதுபொருள் என்றதும் பென்சிலும் அழிப்பானுமே நினைவுக்கு வருகின்றன. 'முத்திரை அட்டை'யும் உதவாது. இலங்கையில் முத்திரை என்றால் அஞ்சல்தலை. தமிழ்நாட்டிலோ அதன்மேல் குத்தப்படுவது.

நான் சேகரிக்கும் ஜப்பானிய அட்டைகளை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். 1900 அக்டோபரில் தனியார் அட்டைகளுக்கு அனுமதி கிடைத்தபின், அரசு அட்டையும் கடையில் வாங்கி அஞ்சல்தலை ஒட்டிய பட அட்டையும் அங்கே அருகருகே புழங்கின. 'யூபின் ஹககி' (அஞ்சல் அட்டை) என்ற தலைப்பு இரண்டிலும் உண்டு. என்னிடமுள்ள ஒன்றரை சென் (அன்றைய ஜப்பானியச் சில்லறைக் காசு) அட்டையில் அது வலமிருந்து இடமாக அச்சாகியிருக்கிறது. 'ஹககி'யின் நடு எழுத்தை மெல்லொலியாகப் படிக்கச் சொல்லும் இரு சிறு கோடுகள் அதில் இல்லை. 1933க்கு முன் அச்சிட்ட அட்டைகளின் வழக்கம் அது. (நம் ககரத்தைப் போலவே, படிப்பவர்தான் ஒலியை அறிந்துகொள்ள வேண்டும்.) ஆனால் தலைப்பு காலத்தைச் சொல்லுமே தவிர வகையைச் சொல்லாது, தலை தாளில் பதிந்ததா, மேலே ஒட்டியதா என்பதே வகையைப் பிரிக்கிறது. ஆகவே 'பதிதலை', 'ஒட்டுதலை' என்ற இணையை முன்மொழிகிறேன். 'பதிதலை' என்றதும் கணவன் தலை என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். ஊறுகாயை வினைத்தொகையாக ஏற்றவர்கள் இதையும் ஏற்கலாம்.

பொதுச்சொல்லாக 'அட்டை' வேண்டாம் என்பதற்கும் காரணமுண்டு. 1873 டிசம்பரில் வெளிவந்த முதல் ஹககி, அட்டையே அல்ல. மெல்லிய தாளை இரண்டாக மடித்தது. நகருக்குள் அனுப்ப அரை சென், வெளியூருக்கு ஒரு சென். கெட்டித்தாளில் ஒற்றை அட்டை வந்தது 1875இல்தான். மடித்த தாளையும் உறையையும் அட்டையையும் ஒருசேரத் தாங்க 'மடல்' போதும். ஹககியை இன்று 'இலை', 'எழுத்து' என்ற இரு சித்திர எழுத்துகளால் எழுதுவதைக் காட்டி, 'ஓலை' என்றே வைக்கலாம் என்றார் ஒருவர். அழகுதான், ஆனால் பழைய எழுத்துமுறையில் அது ஓரக்குறிப்பைச் சுட்டியது, இலை பின்னால் வந்தது.

இன்னொன்று மிச்சம். 1885 முதல் விற்கப்பட்ட, பதிலுக்கென வெற்றுப் பாதியொன்று இணைந்த மடலை 'பதிதலை இணைமடல்' எனலாமா? இரு பாதிகளும் பிரியாமலிருக்கும் ஒன்று என் ஆல்பத்தில் இன்னும் பெயரில்லாமல் கிடக்கிறது.